பாலத்தில் நின்ற சிவப்புக் கார்

“இந்தாம்மே... அந்தச் செவப்பு வண்டிய மட்டும் வாங்கின, நடுரோட்டுல வெச்சிக் கொளுத்துவேன். நீ எறங்கினப்பறம்தான் கொளுத்துவேன். ஆனா கண்டிப்பா கொளுத்துவேன்!”

கயலின் செல்போனிலிருந்து வந்த குரல் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியது. நடுங்க வேண்டிய நான், அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று ஆவலோடு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“இதுமாரி மூணு கால் வந்திச்சு.” போனை மேஜைமேல் அவள் வைத்த வேகத்தில் என் டீ டம்ளர் தானாக நகர்ந்தது. “எவன்னு மட்டும் கண்டுபுடிச்சிக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“மிச்சம்னா?” என்றேன்.

“அவன்ல மிச்சம் ஒண்ணும் இருக்காது.”

எங்கள் துப்பறியும் நிறுவனம் மந்தைவெளியில், பறக்கும் ரயில் பாதையை ஒட்டிய சந்தில், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருக்கிறது. நிறுவனம் என்றால் மணிமொழி மேடமும் நானும். அவர் மூளை, நான் மீதி. கீழே மில் ஓடும்போதெல்லாம் மேலே எங்கள் மேஜையில் மாவு படியும். கைரேகை எடுக்கத் தனியாகப் பவுடர் வாங்கிப் பழக்கமில்லை.

மேடம் கடலை உருண்டையைக் கடித்தபடி கயலை ஏற இறங்கப் பார்த்தார். “நம்பர் யாருது?”

“ஒவ்வொரு வாட்டியும் வேற நம்பரு. திருப்பிக் கூப்ட்டா, ‘எவனோ அவசரம்னு கேட்டான், குடுத்தேன்’ங்கிறானுங்க. என் நம்பர் கடைத் தட்டியிலயே எழுதிக் கீது, எவன் வேணா அடிக்கலாம்.”

கயலின் கதையை அவளே கோபமாகச் சொன்னாள். அவள் எதையும் கோபமாகத்தான் சொல்வாள் என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. பிறந்தது அடையாறு ஆற்றங்கரை. குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள். வீடு அங்கே, பிழைப்பு இங்கே. திருவான்மியூர் பஸ் டெர்மினஸ் பக்கத்தில் காலை இட்லிக் கடை. விடியுமுன்னே இட்லிக் குண்டான், சாம்பார் தூக்கு, அம்மா, எல்லாவற்றையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவாள். போன மாதம் சாம்பார் ஒரு பயணியின் மடியில் கவிழ்ந்தது. அன்றிலிருந்து எந்த ஆட்டோவும் அவளை ஏற்றுவதில்லை. பாதி நாள் கடை இல்லை. அவள் இடத்தில் ஒரு ஜூஸ்காரன் இப்போதே குடை நட்டுப் பார்க்கிறான்.

“எனக்கு ஒரே ஒரு வண்டிதான் மேடம் வாங்க முடியும். இது சரியில்ல, இன்னொண்ணு பாக்கலாம்ங்கிற கதையெல்லாம் நம்மகிட்ட கெடையாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு பாக்கிய குடுத்துட்டு சாவி வாங்கறேன். மயிலாப்பூர் மாமா வண்டி. ஒரே கை, வேற ஓனரே கெடையாது. டிக்கில குண்டான் அம்சமா குந்துது. போன வாரம் வரைக்கும் கொஞ்சம் யோசிச்சிக்கினுதான் இருந்தேன். இப்ப யோசனையே இல்ல. எவனோ வாணாங்கிறான்ல? அதுக்கோசரமே வாங்கறேன்!”

“ரெண்டாவது மிரட்டலைப் போடுங்க,” என்றார் மேடம்.

மூக்குக் குரல் மறுபடி சீறியது. “சொன்னா கேக்கமாட்ட? உங்கம்மாவ அந்த வண்டில ஏத்தின, கைய ஒடிப்பேன். ஏத்தித்தான் தீருவேன்னா பெல்ட்டாவது போட்டு வுடு!”

“டில்லிபாபு, உன்னைப் பல பேர் மிரட்டியிருக்காங்க. யாராவது சீட் பெல்ட் போட்டுக்கச் சொன்னாங்களா?”

“பல்லைக் கழட்டி வெச்சிட்டு வான்னு ஒருத்தர் சொன்னார் மேடம். அதுல பாசம் இருந்த மாதிரி தெரியல.”

“பேச்சைக் கேக்காத. பின்னாடி வர்ற சத்தத்தைக் கேளு.” மேடம் ஒலியைக் கூட்டினார்.

தலைக்கு மேலே ரயில் தடதடத்துப் போகும் சத்தம். அது அடங்கியதும் எங்கோ ஒரு எரிச்சலான குரல், “ஈரம் காயல! காயவெச்சி எடுத்தா!”

சொல்லி வைத்தாற்போல அதே வசனம் எங்கள் தரைக்கு அடியிலிருந்தும் கேட்டது. கீழ்மில் தணிகாசலம், யார் அரிசி கொண்டுவந்தாலும் முதலில் இதைச் சொல்லித்தான் வரவேற்பார்.

நான் ஜன்னலை எட்டிப் பார்த்தேன். “மேடம், மிரட்டினவன் நம்ம சந்துலதான் இருக்கான்! போய் ஒவ்வொரு கதவா...”

“உதை வாங்கிட்டு வரப்போறியா? சந்துல நூறு பேர் இருக்காங்க. வண்டியைப் பார்த்தா அந்த நூறு ஒருத்தனாகும். ஸ்கூட்டரை எடு.”

என் ஸ்கூட்டர் கிளம்புவதற்குள் பல குற்றவாளிகள் தாமாகவே திருந்தியிருக்கிறார்கள். மூவரும் ஆட்டோவில் போனோம்.

*

மாமா விஜயராகவனின் வீடு மயிலாப்பூர் மாட வீதிக்கு அடுத்த தெருவில், பழைய அடுக்ககத்தின் தரைத்தளத்தில். வாசலிலேயே எங்களை நிறுத்திவிட்டார்.

“துப்பறியறவாளா? கார் வாங்கறதுக்கா? நாளைக்குக் கத்திரிக்கா வாங்கப் போலீஸை அழைச்சுண்டு வருவேள் போலருக்கு.” கயலைப் பார்த்தார். “ஏம்மா, இஷ்டமில்லேன்னா விட்டுடு. பத்து பேர் க்யூவுல நிக்கறா.”

“பத்துல ஒருத்தர் போன் பண்ணி மிரட்டறார் சார்,” என்றேன். “அவரை மட்டும் காட்டிட்டீங்கன்னா மிச்சம் ஒன்பது பேரையும் வரிசையில விட்டுட்டுப் போயிடறோம்.”

“யாருய்யா இவன், இங்க வந்து பல்லைக் காட்டிண்டு?”

“என் உதவியாளர்,” என்றார் மேடம், என் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்கும் தொனியில்.

சிவப்புக் கார் தூணோரம் மினுங்கிக்கொண்டு நின்றது. கதவைத் திறந்தால் சந்தன வாசனை மூக்கில் அறைந்தது. சந்தனக் காப்பு சாத்திய சாமி மாதிரி இருந்தது வண்டி. கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை போனது எனக்கு.

“ரெண்டாயிரத்து இருபத்திமூணு டிசம்பர் வெள்ளத்துல இது எங்க இருந்தது சார்?” மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

விஜயராகவன் முகம் சிவந்து, காருக்குப் போட்டியாக நின்றது. “வரவா எல்லாம் இதையேதான் கேக்கறா! வண்டி என் பேர்ல. என் பிள்ளை வேளச்சேரில வெச்சுண்டிருந்தான். இப்போ கனடால இருக்கான். மழைன்னு காதுல விழுந்த உடனே மேம்பாலத்துல கொண்டுபோய் ஏத்திட்டான். நம்பாதவாளுக்குன்னே போட்டோ வெச்சிருக்கேன்.”

போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் கை மாறி வந்த படம், தேதி கிடையாது. கருத்த வானம். காய்ந்து கிடக்கும் மேம்பாலம். கைப்பிடிச் சுவரோரம் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக. வரிசையில் முதல் வண்டி இதே சிவப்புக் கார், இதே நம்பர். பானட்டில் சந்தனம் குங்குமம், சாமந்தி மாலை, முன்பக்கம் இரண்டு பக்கமும் பச்சைப் பசேலென்று வாழைக்கன்று. தண்ணீருக்குப் பயந்து ஏறிய மாதிரி இல்லை, தேர் பார்க்கப் புறப்பட்ட மாதிரி இருந்தது.

“அலங்காரமெல்லாம் பிரமாதமா இருக்கே?”

“பின்னே? ஆயுத பூஜைன்னா வாழைக்கன்னு கட்டாம வண்டிய எடுக்கமாட்டான் என் பிள்ளை.” பெருமையில் குரல் கொஞ்சம் இளகியது.

“இது அந்த வெள்ளத்தப்ப எடுத்ததுதானே?”

“சத்தியமா! வெள்ளத்துக்கு முதல் நாள். உங்களுக்கே அனுப்பறேன், ஆத்துக்குக் கொண்டுபோய் மாட்டி வெச்சுக்கோங்கோ.”

அவர் அனுப்பிக்கொண்டிருந்தபோது மேடம் எனக்குக் கண்ணைக் காட்டினார். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குனிந்து கால்மிதியைத் தூக்கினேன். புத்தம் புது மிதி. அதற்கடியில் செய்தித்தாள் விரித்திருந்தது. தலைகீழாகப் பார்க்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். திருப்பினாலும் படிக்க வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, உருது.

“சார், நீங்க உருது பேப்பர் படிப்பீங்களா?”

“நான் இங்கிலீஷ் பேப்பர்தான் ஓய், புத்தி தெரிஞ்ச நாள்லேர்ந்து!”

கயல் அந்தத் தாளைப் பார்த்தாள். தெருவுக்கு வந்ததும் வெடித்தாள்.

“நதீம்! அவன்தான்! உங்க சந்துலதான் மெக்கானிக் ஷெட்டு வெச்சிக்கிறான். வண்டி எது வந்தாலும் கால் வெக்கற எடத்துல அவங்க அத்தா படிச்ச உருது பேப்பரத்தான் விரிப்பான். கட பக்கத்துல நிக்கற ஆட்டோல பாத்துக்கீறேன்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும் அவரை?”

“தெனம் துன்ன வந்துக்கினு இருந்தான். ஒரு நா பத்து பேருக்கு முன்னாடி ‘இன்னாமே, சாம்பார்ல குளிக்கலாம் போலக் கீது, ஒரே தண்ணி’ன்னான். கரண்டியாலயே தொரத்திட்டேன். ஆறு மாசமாச்சு. அந்தக் கடுப்பு! நான் கார்ல வந்து எறங்கிட்டா அவனுக்கு வயிறு எரியும்ல?”

*

ரயில் பாதையின் நிழலில், தகரக் கூரை போட்ட ஷெட். தூக்கி நிறுத்திய ஒரு வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கயல் அதில் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். காலோடு நதீமும் வந்தான். முப்பது வயது, முகமெல்லாம் கிரீஸ்.

“மூக்கப் புடிச்சிக்கினு பேசு பாக்கலாம்!”

“இன்னா பேசறது? நீ யாரு? எனக்குத் தெரியாது.” அவன் சொல்லிக்கொண்டிருந்தபோதே நான் அவனுடைய டூல் பெட்டியைப் பார்த்துவிட்டேன். அதன்மேல் பாதி தின்ற மந்தாரை இலைப் பொட்டலம். மஞ்சள் நூல். கயல் கடையில் மட்டும்தான் மஞ்சள் நூலால் கட்டுவார்கள் என்று அவளே சொன்னாள், அந்த நூலை விரலால் நெருடிக்கொண்டே.

“ஆட்டோக்காரரை அனுப்பி பார்சல் வாங்கறீங்க,” என்றார் மேடம். “பிடிக்காத சாம்பாரை ஆறு மாசமா யாரும் சாப்பிட மாட்டாங்க. பிடிக்காதவங்க வண்டியில ஏறினா பெல்ட் போடச் சொல்லவும் மாட்டாங்க. சொல்லுங்க நதீம், அந்தக் கார்ல என்ன?”

நதீம் துணியில் கை துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கறுப்பாயிற்று.

“முங்கின வண்டி மேடம் அது. அந்த டிசம்பர்ல தண்ணி வடிஞ்சதும் இட்டுக்கினு வந்து நிறுத்தினாங்கோ. டேஷ்போர்டு வரைக்கும் சேறு. முன்னாடி இருக்கற பெட்டியத் தொறந்தா தவள குதிக்குது. நான்தான் கழுவி, காயவெச்சி, ஓட வெச்சேன். ஓடுச்சு. ஆனா உள்ள ஒயரெல்லாம் பச்ச புடிச்சிக் கீது. எப்ப புட்டுக்கும்னு சொல்ல முடியாது. போன வாரம், விக்கப்போறேன், பளபளன்னு ஆக்கிக் குடுன்னாரு அய்யிரு. இன்னும் அடில நமுத்துக்கினுதான் கீது, அதுக்குத்தான் பேப்பர். யாருக்கோ விக்கறாருன்னு நெனச்சேன். நம்ம ஆட்டோ காதர் வந்து சொல்றான், இட்லிக் கடை கயல் செவப்புக் காரு வாங்குதுன்னு...” அவன் கயலைப் பார்க்காமல் தொடர்ந்தான். “விடியக்காலைல ஓஎம்ஆர்ல லாரி பறக்கும். நடுவுல நின்னுபோச்சுன்னா, பின்னாடி சீட்டுல உங்கம்மா.”

தலைக்கு மேலே ஒரு ரயில் போனது. அதையும் மீறிக் கயல் கத்தினாள்.

“இத மூஞ்சிக்கு நேரா வந்து சொல்றதுக்கு இன்னா?”

“சாம்பார்ல தண்ணின்னு சொன்னேன், கரண்டியத் தூக்கின. வண்டில தண்ணின்னு சொன்னா நம்பிக்கினு நிப்பியா?”

“அதுக்குன்னு மிரட்டுவியா?”

“மிரட்டினாவாவது பயப்படுவன்னு நெனச்சேன்.”

“என்னயா?”

“அதான் தப்பாப்பூட்ச்சு,” என்றான் நதீம் உண்மையான வருத்தத்தோடு. பிறகு மேடமிடம் குரலைத் தாழ்த்தினான். “இன்னொண்ணு மேடம். அந்தத் தெரு வண்டி மொத்தமும் அய்யிரு சொல்லித்தான் நம்ம ஷெட்டுக்கு வருது. நான் வாயத் தொறந்தேன்னு தெரிஞ்சா நாளைக்கே ஷெட்ட மூட வேண்டியதுதான்.”

கயல் இடுப்பில் கை வைத்தாள். “நம்பாதீங்க மேடம். அவுரு கைல போட்டோ கீது. இவன் கைல இன்னா கீது? தவளையா?”

“அத வுட்டுட்டேன்மே.”

“பாத்தீங்களா!”

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். “கயல், அஞ்சு மணிக்குப் போவோம். பணத்தை மட்டும் இடுப்புலேர்ந்து எடுக்காதீங்க. நதீம், உங்க பேர் அங்க யார் வாயிலேர்ந்தும் வராது.”

“அப்ப சாட்சிக்கு யார் மேடம்?” என்றேன்.

“சாட்சியை அவரே நமக்கு ஃபார்வர்டு பண்ணிட்டார்.”

அடுத்த கடலை உருண்டையை வாயில் போட்டுக்கொண்டார். வாயில் உருண்டை இருக்கும்போது அவர் விளக்கம் சொல்வதில்லை. என்னைத் தவிக்கவிடுவதற்காகவே கிலோக் கணக்கில் வாங்கி வைத்திருக்கிறார் என்பது என் நீண்ட நாள் சந்தேகம்.

*

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், நடுவில் கார் சாவி. விஜயராகவன் விபூதி பளிச்சிட நின்றிருந்தார்.

“ராகு காலம் முடிஞ்சாச்சு. சட்டுபுட்டுனு ஆகட்டும்.”

“ஒரே ஒரு சந்தேகம் சார்,” என்றார் மேடம். “வாழைக்கன்னு கட்டினா எத்தனை நாளைக்குப் பச்சையா இருக்கும்?”

“இது என்ன கேள்வி? ரெண்டு நாள். வெயில் இல்லேன்னா மூணு நாள், நாலு நாள். அப்பறம் வாடித் தொங்கிடும்.”

“இருபத்திமூணுல ஆயுத பூஜை அக்டோபர் மாசம். வெள்ளம் வந்தது டிசம்பர்ல.” மேடம் போனில் அந்தப் படத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். “வெள்ளத்துக்கு முதல் நாள்னு சத்தியம் பண்ணினீங்க. ஒன்றரை மாசமா இந்த வாழைக்கன்னு வாடாமலா நின்னுது?”

விஜயராகவன் போனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

“அதுக்கடுத்த வருஷம் ஆயுத பூஜை முடிஞ்ச கையோட பெருமழைன்னு எச்சரிக்கை வந்தது. வேளச்சேரிக்காரங்க பூஜை போட்ட வண்டியை அப்படியே பாலத்துல ஏத்தினாங்க. இந்தப் படம் அன்னிக்கு எடுத்தது.”

“அ... அதனாலென்ன? ரெண்டு வருஷமும் ஏத்தியிருப்பான் என் பிள்ளை!”

“படத்தை நல்லாப் பாருங்க சார். ரோடு காஞ்சு கிடக்குது, ஒரு சொட்டு விழல. அதுக்குள்ள உங்க வண்டி வரிசையில முதல் ஆளா நிக்குது. மழை வரும்னு சொன்ன நிமிஷமே விழுந்தடிச்சு ஓடி முதல் இடம் பிடிக்கிறவர் யாரு? முந்தின வருஷம் ஏத்தாம விட்டவர்.”

எனக்குப் புல்லரித்தது. ஷெட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று கோபமும் வந்தது.

“யார் சொல்லிக் குடுத்தா உங்களுக்கு? அந்த மெக்கானிக்கா?” கிழவர் இரைந்தார். “அவனை என்ன பண்றேன் பாருங்கோ!”

“எந்த மெக்கானிக்? வாழைக்கன்னு சொல்லிச்சு சார்.”

அப்போது சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண்குரல், ஆள் வராமல் குரல் மட்டும் வந்தது. “ஏன்னா, அன்னிக்கே தலதலயா அடிச்சுண்டேன், முழுகின வண்டின்னு சொல்லிட்டு வந்த விலைக்குக் குடுத்துடுங்கோன்னு. பாவம், பொம்மனாட்டி ஓட்டப்போறான்னேன். கேட்டேளா?”

“நீ பேசாம இரு!”

“எத்தனை நாளைக்கு?”

விஜயராகவன் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கயல் கத்தப்போகிறாள் என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவள் கத்தவில்லை. கார் அருகே போய்ப் பின்கதவுக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள்.

“எங்கம்மா குந்தியிருக்க வேண்டிய சீட்டு சார் இது,” என்றாள். அவ்வளவுதான்.

அவர் உள்ளே போய் அவள் கொடுத்திருந்த முன்பணத்தை எடுத்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

*

தெருமுனையில் கயல் நின்றுவிட்டாள். காலையிலிருந்து சுமந்த கோபம் இறங்கியதும் ஆள் பாதியாகத் தெரிந்தாள்.

“வண்டி போச்சு. நாளைக்குக் காலைல குண்டான எதுல தூக்கிக்கினு போவேன்? அந்த ஜூஸ்காரன் சேரு போட்டு உக்காந்துடுவான்.”

என் ஸ்கூட்டர் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். மனிதாபிமானம் தடுத்தது.

அவள் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள். மூக்குக் குரல்.

“இந்தாம்மே. அடையாறுல எங்க சாச்சா பொண்ணு, சித்தப்பா மவ, புஷ்ரா டீச்சரு வண்டி விக்கிது. நீலக் கலரு. வெளுத்துப்போய், கதவுல ஒரு டொக்கு, பாக்கவே சகிக்காது. ஆனா காலைல எழுப்பினா எழுந்துக்கும். வெள்ளத்தப்ப ஊர்லயே இல்ல, மதுரைல நின்னுச்சு. அடில படுத்து நானே பாத்துட்டேன். வெலையும் அத்தவிடக் கம்மி. ஒழுங்கு மரியாதையா அத வாங்கிடு. இல்ல...”

“இல்லன்னா?”

“நடுரோட்டுல கொளுத்துவேன்.”

“எத?”

“யோசிச்சிச் சொல்றேன்.”

“மொதல்ல மூக்க வுட்றா,” என்றாள் கயல். “என் சாம்பாரு நல்லா கீதுன்னு சொல்லு. வாங்கறேன்.”

போனுக்குள்ளே, அவன் தலைக்கு மேலே ரயில் போனது. கடைசிப் பெட்டியின் சத்தம் தேய்ந்ததும், ‘ஈரம் காயல’ என்று தணிகாசலம் யாரையோ விரட்டினார். ஒரு பொய்யில் முடிய வேண்டிய விஷயம். நானாக இருந்தால் நான்கு பொய் சொல்லியிருப்பேன்.

கடைசியில் மூக்கிலிருந்து கையை எடுத்த குரல் வந்தது. “தண்ணியெல்லாம் இப்ப இல்ல. உப்புதான்... கொஞ்சம் கம்மி.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடி வெடிக்கவில்லை. கயல் போனை அணைத்து, இடுப்பில் பணத்துக்குப் பக்கத்தில் செருகினாள். பிறகு வந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, முதலில் ஏறி உட்கார்ந்தாள்.

“அடையாறு போணும். ஏறுங்க ரெண்டு பேரும்.”

ஆட்டோ நகர்ந்து கொஞ்ச தூரம் போனதும், எங்களிடம் சொல்வதாக இல்லாமல், வெளியே பார்த்து முனகினாள்.

“உப்பு கம்மிதான். பத்து நாளா எனக்கே தெரியும்.”